‘தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் போடும் முன்: ஊடகத்தோடு பழக, புதிய வலைப்பதிவருக்கு ஒரு வழிகாட்டி

மாலை நான்கு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். “உங்கள் பதிவைப் படித்தேன், அருமை. நாளைய இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம். அந்தப் படத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமா? ஆறு மணிக்குள் சொன்னால் நல்லது.” முதல்முறை இப்படி ஒன்று வரும்போது யாருக்கும் கை பரபரக்கும். புதிய பதிவர்கள் பலர் பத்தே நிமிடத்தில் போடும் பதில்: “தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்!”

அந்த ஒரு சொல்லோடு எவ்வளவு கைவிட்டுப் போகிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் வர வேண்டும் என்று அதில் இல்லை. எந்தப் பதிப்பில், எத்தனை முறை என்று இல்லை. அதே நிறுவனத்தின் வேறு இதழ்களுக்கும் தொலைக்காட்சிக்கும் படம் போகலாமா என்பதற்கு வரம்பு இல்லை. மறுநாள் இதழைப் பிரித்தால் உங்கள் படத்துக்குக் கீழே ‘நன்றி: இணையம்’ என்று இருக்கும். இணையம் என்ற பெயரில் புகைப்படம் எடுப்பவர் எவரும் இல்லை. எடுத்தவர் நீங்கள்.

இதில் நிருபரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆறு மணிக்குள் பக்கம் முடித்தாக வேண்டிய நெருக்கடி அவருக்கு. அதற்குள் கேட்காத எதையும் அவரால் பிறகு சேர்க்க முடியாது. பதிவருடைய வேலை நாள்கணக்கில் நடக்கும், ஊடகத்தின் வேலை மணிக்கணக்கில் நடக்கும். இந்த இரண்டும் உரசும் இடத்தில்தான் எல்லாத் தகராறும் பிறக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க நினைப்பதையெல்லாம் அந்த மின்னஞ்சல் வருவதற்கு முன்பே எழுதித் தயாராக வைத்திருக்க வேண்டும். கீழே இருப்பவை அதற்கான படிகள்.

முதலில் உங்கள் தளத்தைத் தயார் செய்யுங்கள்

நிருபர் உங்கள் தளத்துக்குள் வந்ததும் தேடுவது மூன்று: எழுதியவர் யார், எப்போது எழுதினார், எப்படித் தொடர்புகொள்வது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பலர் அடுத்த பதிவுக்குப் போய்விடுவார்கள். சிலர் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள்.

‘என்னைப் பற்றி’ பக்கத்தில் ஐந்தாறு வரி போதும். எந்தப் பெயரில் எழுதுகிறீர்கள், எந்தத் துறை, அந்தத் துறையில் உங்களுக்கு என்ன பழக்கம் என்று சொல்லுங்கள். “பல்சுவை எழுதுபவன்” என்ற அறிமுகம் எந்தச் செய்தியாளருக்கும் உதவாது. “பத்தாண்டுகளாகக் கட்டட மின்கம்பி வேலை செய்பவன், மின்பாதுகாப்பு பற்றி எழுதுகிறேன்” என்று இருந்தால், மின்கசிவு பற்றிச் செய்தி வரும் நாளில் உங்களைத் தேடி வருவார்கள். ஊடகத் தொடர்புக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வையுங்கள். கைப்பேசி எண்ணைப் பொதுவில் போடாதீர்கள்.

ஒவ்வொரு பதிவிலும் வெளியிட்ட நாள் தெரிய வேண்டும். பிறகு திருத்தினால், என்ன திருத்தினீர்கள், எந்த நாளில் என்று பதிவின் அடியில் ஒரு வரி. சத்தமில்லாமல் திருத்துவதுதான் பதிவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. உங்கள் பதிவை மேற்கோள் காட்டிய பத்திரிகை, மறுநாள் அந்த வரி அங்கே இல்லை என்று கண்டால் உங்களை இனி நம்பாது. பதிவின் முகவரியையும் மாற்றாதீர்கள். தலைப்பைத் திருத்தும்போது முகவரியும் சேர்ந்து மாறும்படி சில தளங்களில் அமைப்பு இருக்கும். அதை அணைத்து வையுங்கள்.

முக்கியமான பதிவு ஒன்றை வெளியிட்டதும், இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். முகவரியை இட்டுச் சேமிக்கச் சொன்னால் நாளும் நேரமும் பதிந்த ஒரு பிரதி அங்கே நிற்கும். செலவு இல்லை, இரண்டு நிமிட வேலை. ‘யார் முதலில் எழுதியது’ என்ற கேள்வி ஒருநாள் வந்தால், உங்கள் கையில் இல்லாத, நீங்கள் மாற்ற முடியாத சாட்சி அது.

படங்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அச்சில் தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது வழக்கமான அளவு. நீங்கள் தளத்தில் ஏற்றும் படம் 1,200 பிக்சல் அகலம் என்றால், அச்சில் அது 4 அங்குலத்துக்கு மேல் நன்றாக வராது. திரையில் படிப்பவருக்கு 1,200 தாராளம். ஆகவே சின்னதை ஏற்றுங்கள், கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பைத் தொடாமல் வீட்டில் வையுங்கள். பெரிதாக அச்சிட நினைக்கும் இதழ் உங்களைக் கேட்டே ஆக வேண்டும். மூலக்கோப்பில் படம் எடுத்த நாள், நேரம், கேமரா விவரம் எல்லாம் புதைந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இவை உதிர்ந்துவிடும். உங்களுடையதுதான் என்று காட்ட வேண்டிய நாளில் அந்த மூலம்தான் பேசும்.

உரிமம் பற்றி ஒரு முடிவெடுத்துத் தளத்தின் அடியில் எழுதுங்கள். எதுவும் எழுதாவிட்டாலும் எழுத்தும் படமும் உங்களுக்கே உரியவை. படைப்பாளர் உரிமைக்காக 1886இல் உருவான பன்னாட்டு உடன்பாடான பெர்ன் ஒப்பந்தத்தின் கீழ் வரும் நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, படைத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் ‘பொதுவில் கிடக்கிறது, ஆகவே பொதுச்சொத்து’ என்ற நினைப்பு செய்தி அறைகளில் இன்றும் உண்டு. கேட்காமலே பிறர் பயன்படுத்த, நிபந்தனையோடு முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் கீழ் ஒருவர் எடுத்துக்கொண்டதைப் பிறகு நீங்கள் மனம் மாறித் திரும்பப் பெற முடியாது. ‘பெயர் குறிப்பிட்டால் போதும்’ என்ற வகையைக் கொடுத்தால் பத்திரிகை கேட்காமலே பயன்படுத்தலாம். ‘வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வகையைக் கொடுத்தால் விளம்பரத்தில் நடக்கும் இதழ்கள் உங்களைக் கேட்டுவிட்டு எடுப்பதே முறை. தொடக்கத்தில் இரண்டாவதே போதும் என்பது என் எண்ணம். பிறகு தளர்த்தலாம், இறுக்க முடியாது.

எடுத்துச் சரிபார்க்கும்படி எழுதுங்கள்

ஊடகம் உங்கள் பதிவை நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சரிபார்க்க முடிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள், அது போதும். பதிவில் மூன்று அடுக்குகளைப் பிரித்துக் காட்டுங்கள்: நீங்கள் நேரில் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, இவற்றிலிருந்து நீங்கள் ஊகிப்பது. ஒரே பத்தியில் மூன்றும் கலந்தால், உங்கள் ஊகத்தை எடுத்து ‘நேரில் கண்ட பதிவர் கூறுகிறார்’ என்று போட்டுவிடுவார்கள்.

இதற்கு 2004இல் நடந்த ஒன்று நல்ல பாடம். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி செப்டம்பர் 8 அன்று, அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் படைச் சேவை பற்றி 1970களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டவை என்று சில குறிப்புகளைக் காட்டியது. சில மணி நேரத்தில் இணையத்தில் சந்தேகம் கிளம்பியது: எழுத்துகளின் இடைவெளி தட்டச்சு இயந்திரத்துடையது மாதிரி இல்லை, கணினியுடையது மாதிரி இருக்கிறது. ஒரு பதிவர் அந்தக் குறிப்பையே மைக்ரோசாஃப்ட் வேர்டில் இயல்பான அமைப்பிலேயே அடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். வரிக்கு வரி பொருந்தியது. கணினி வைத்திருந்த எவரும் வீட்டில் அதைச் செய்து பார்க்க முடிந்தது. செப்டம்பர் 20 அன்று, அந்த ஆவணங்கள் உண்மையானவை என்று தங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்று சிபிஎஸ் ஒப்புக்கொண்டது. பன்னிரண்டே நாள்.

அதே விவகாரத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. ‘அந்தக் காலத்தில் இப்படி இடைவெளி விடும் தட்டச்சு இயந்திரமே கிடையாது’ என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். அது தவறு, ஐபிஎம் நிறுவனம் அதற்கு முன்பே அத்தகைய இயந்திரங்களை விற்றிருந்தது. ‘இது வேர்டில் அடித்ததோடு பொருந்துகிறது’ என்ற குறுகிய கூற்று நின்றது. ‘அப்படி ஒன்று இருக்கவே முடியாது’ என்ற அகலமான கூற்று உடைந்தது. உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு மட்டும் சொல்லுங்கள்.

முந்திக்கொள்ளும் ஆசையையும் அடக்கப் பழகுங்கள். 2012 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின் மீது தீர்ப்பளித்தபோது, சிஎன்என், ஃபாக்ஸ் இரண்டும் தீர்ப்பின் தொடக்கத்தில் வரும் ஒரு வாதத்தை வைத்து, கட்டாயக் காப்பீடு செல்லாது என்று அறிவித்துவிட்டன. தீர்ப்போ, வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அது செல்லும் என்றது. ஸ்காட்டஸ்பிளாக் என்ற சட்ட வலைப்பதிவு படித்துப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னது. அதற்குப் பின் பலர் செய்திக்கே அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார்கள். ஒரு துறையை ஆழமாகத் தெரிந்து வைத்திருக்கும் பதிவருக்குப் பெரிய நிறுவனத்தைவிடச் சில நிமிடம் பிந்தி வருவதில் இழப்பு எதுவும் இல்லை.

அழைப்பு வந்தால் செய்ய வேண்டியவை

அழைப்பவர் யார் என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மின்னஞ்சல் நிறுவனத்தின் முகவரியிலிருந்து வந்திருக்கிறதா? இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் தளத்திலிருக்கும் அலுவலக எண்ணை நீங்களே எடுத்து அழைத்து, இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் கொடுத்த எண்ணில் கேட்பதில் பயனில்லை. பலர் எங்கும் சேராமல் தனியாக எழுதுபவர்களாக இருப்பார்கள். அது குறையில்லை. “எந்த இதழுக்கு எழுதுகிறீர்கள், அங்கே யார் பொறுப்பாசிரியர்?” என்று கேட்டால் உண்மையானவர் தயங்காமல் சொல்வார்.

பேசத் தொடங்கும் முன் கேட்க வேண்டியவை:
- எந்தப் பகுதிக்கு, எப்போது வருகிறது?
- எத்தனை மணிக்குள் என் பதில் வேண்டும்?
- என்னை எந்தப் பெயரில், என்ன அடைமொழியோடு குறிப்பிடப் போகிறீர்கள்?
- வேறு யாரிடம் பேசுகிறீர்கள்?
- தொலைக்காட்சி என்றால் நேரலையா, பதிவு செய்து வெட்டிப் போடுவதா?

அடைமொழிதான் புதியவர்கள் கோட்டைவிடும் இடம். நீங்கள் நீர்நிலைகளைப் பற்றி எழுதும் பொறியாளர். திரையில் உங்கள் முகத்துக்குக் கீழே ‘போராட்டக்காரர்’ என்று ஓடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் ஒவ்வொரு எண்ணும் கட்சி சார்ந்த பேச்சாகவே கேட்கும். என்ன போட வேண்டும் என்பதை நான்கைந்து சொல்லில், சரியான எழுத்துக்கூட்டலோடு, எழுத்தாக அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்ன பெயர் பாதிக்குப் பாதி தவறாகத்தான் அச்சாகும்.

‘ஆஃப் த ரெக்கார்ட்’ என்பதைப் பலர் மந்திரம் போல நினைக்கிறார்கள். பேசி முடித்துவிட்டு “இதையெல்லாம் போட்டுடாதீங்க” என்று சொன்னால் அதற்கு நிருபர் கட்டுப்பட வேண்டியதில்லை. முதலில் நீங்கள் கேட்க வேண்டும், அவர் சரி என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பேச வேண்டும். அந்தச் சொல்லின் பொருளும் ஆளுக்கு ஆள் மாறும்: சிலருக்கு அது ‘பெயர் போடாமல் போடலாம்’, சிலருக்கு ‘போடவே கூடாது’. சொல்லை விட்டுவிட்டுப் பொருளையே கேளுங்கள்: “நான் சொல்வதைப் போடலாம், என் பெயர் வரக்கூடாது, எந்த ஊர் என்றும் வரக்கூடாது, சம்மதமா?” இன்னும் எளிய வழி, அச்சில் பார்க்க விரும்பாததைச் சொல்லாமல் இருப்பது.

எழுத்தில் பதில் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குப் பாதுகாப்பு. மூன்று வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நின்றாலும் பொருள் மாறாதபடி அமையுங்கள், ஏனென்றால் ஒன்றைத்தான் எடுப்பார்கள். “இந்தத் திட்டம் நல்லதுதான், ஆனால் மூன்று குறைகள் உண்டு” என்று எழுதினால் ‘இந்தத் திட்டம் நல்லதுதான்’ என்று பதிவர் பாராட்டியதாக வரும். “மூன்று குறைகளைச் சரிசெய்தால்தான் இந்தத் திட்டம் பயன்படும்” என்று எழுதினால் வெட்டினாலும் அதே பொருள்தான்.

கட்டுரை முழுவதையும் வெளிவருமுன் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். பல இதழ்களில் அதற்கு அனுமதி இல்லை, கேட்டால் உங்களைத் தவிர்ப்பார்கள். “என் மேற்கோளையும், நான் சொன்ன எண்களையும் மட்டும் படித்துக் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், அவர்களுக்கும் பிழை வராமல் இருப்பது நல்லதுதானே.

தெரியாததைக் கேட்டால் மறுப்பதும், தெரிந்தவரைக் கைகாட்டுவதும் நல்ல பழக்கம். “இது என் துறையில்லை, இதைப் பற்றித் தொடர்ந்து எழுதுபவர் இன்னார், அவரிடம் கேட்டுவிட்டு எண் தருகிறேன்” என்று சொல்லும் பதிவரை நிருபர் மறக்கமாட்டார். அந்த ‘கேட்டுவிட்டு’ என்பதை விட்டுவிடாதீர்கள்.

புனைபெயரில் எழுதுபவர்கள் இன்னும் ஒருபடி கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் பெயரைச் சொல்லாவிட்டாலும் உங்கள் எண்ணைச் சேமித்தவுடன் வாட்ஸ்அப் முகப்புப் படம் தெரியலாம், பணம் அனுப்பும் செயலியில் வங்கிக் கணக்குப் பெயர் தெரியும், படக்கோப்பில் எடுத்த இடம் பதிந்திருக்கலாம். நிருபருக்கு மட்டும் சொன்ன பெயர் அவருடைய ஆசிரியருக்கும் தெரிய வேண்டும் என்பது பல இடங்களில் விதி. அதனால் “உங்களைத் தவிர இன்னும் யாருக்குச் சொல்வீர்கள்?” என்று முதலிலேயே கேளுங்கள். முகத்தை மறைத்துத் தொலைக்காட்சிக்குப் பைட் (சிறு பேட்டி) கொடுத்தாலும் குரலும், பின்னால் தெரியும் சுவரும் தெரிந்தவர்களுக்குப் போதும்.

‘தாராளமாக’ என்பதற்குப் பதிலாக அனுப்ப வேண்டிய பதில்

இதை இப்போதே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பினால் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம், நிருபருக்கும் தாமதமாகாது.

“வணக்கம். நீங்கள் கேட்ட ___ படத்தை, ___ இதழின் ___ நாள் பதிப்பிலும் அதே கட்டுரையின் இணையப் பக்கத்திலும் ஒருமுறை வெளியிட அனுமதிக்கிறேன். படத்தின் கீழ் ‘படம்: ___’ என்று வர வேண்டும். இணையப் பக்கத்தில் என் பதிவுக்குச் சுட்டி கொடுக்க வேண்டும்: ___. வெட்டுவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். வேறு இதழுக்கோ செய்தி முகமைக்கோ கொடுக்க இந்த அனுமதி பொருந்தாது. அச்சுக்கேற்ற பெரிய கோப்பை, நீங்கள் ‘சரி’ என்று பதில் எழுதியதும் அனுப்புகிறேன்.”

கடைசி வாக்கியம்தான் பூட்டு. பெரிய கோப்பை முதலிலேயே அனுப்பிவிட்டால் ‘சரி’ வராது. வேண்டுமென்று அல்ல, மறந்துவிடுவார்கள்.

பல ஊடகங்களுக்குச் செய்தியும் படமும் விற்கும் செய்தி முகமை பற்றிய வரி ஏன்? முகமைக்குள் ஒரு படம் நுழைந்தால் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களுக்குப் போய்விடும், பிறகு யாராலும் அள்ளிச் சேர்க்க முடியாது. 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரெல் என்ற புகைப்படக் கலைஞர் தம் படங்களை ட்விட்டர் வழியாகப் பகிர்ந்தார். இன்னொருவர் அவற்றைத் தம்முடையவை போலப் போட, ஏஎஃப்பி முகமை அவற்றை அந்தத் தவறான பெயரில் விநியோகித்தது. வழக்கு மூன்றாண்டுக்கு மேல் நடந்தது. 2013 நவம்பரில் ஏஎஃப்பியும், அந்தப் படங்களை விநியோகித்த கெட்டி என்ற பட நிறுவனமும் சேர்ந்து சுமார் 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று நியூயார்க் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். சமூக ஊடகத்தில் போட்டது எல்லோருக்கும் சொந்தம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆனால் எல்லோராலும் மூன்றாண்டு வழக்காட முடியாது, அதனால்தான் அந்த ஒரு வரி.

படத்தில் இருப்பவர்களின் சம்மதம் தனி. உங்கள் பதிவில் போடச் சம்மதித்தவர் லட்சம் பேர் பார்க்கும் இதழில் வரச் சம்மதித்ததாக ஆகாது. கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டால்

முதலில் எந்த வகை என்று பிரியுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் வேறு. உங்கள் வாக்கியங்களையோ படத்தையோ அப்படியே எடுத்திருந்தால் அது உரிமை மீறல். நீங்கள் தேடித் திரட்டிய தகவலை வேறு சொற்களில் எழுதியிருந்தால், சட்டத்தில் பிடி குறைவு: பதிப்புரிமை எழுதிய விதத்துக்கு உண்டு, தகவலுக்குக் கிடையாது. ஆனாலும் பெயர் குறிப்பிடுவது தொழில் நேர்மை, அதைக் கேட்டு வாங்கலாம். ஒரே பொருளைப் பற்றி அவர்களும் எழுதியிருந்தால், அது தற்செயலாகவே இருக்கக்கூடும். விட்டுவிடுங்கள். மூன்றாவதை முதலாவதாக நினைத்துக் கூச்சலிடும் பதிவர்களால்தான் உண்மையில் பறிகொடுத்தவர்களின் பேச்சும் எடுபடாமல் போகிறது.

முதல் வகை என்றால், கோபம் தலைக்கேறும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது மட்டும். அச்சு என்றால் இதழின் பெயரும் நாளும் பக்க எண்ணும் பதிப்பும் தெரியும்படி முழுப்பக்கத்தைப் படமெடுங்கள், பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். இணையம் என்றால் முகவரியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பிறகு வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் பிரதி. தொலைக்காட்சி என்றால் ஒளிபரப்பின் நேரம், நிகழ்ச்சிப் பெயர்.

அன்றைக்கு உங்கள் பதிவில் கை வைக்காதீர்கள். குறிப்பாக எழுத்துப்பிழைகளைத் திருத்தாதீர்கள். நீங்கள் ‘சுவரில்’ என்பதற்குத் தவறி ‘சுவறில்’ என்று அடித்திருந்து, அவர்கள் கட்டுரையிலும் அதே ‘சுவறில்’ இருந்தால், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

பிறகு ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகளாக, இடப்பக்கம் உங்கள் வாக்கியம், வலப்பக்கம் அவர்களுடையது. ஐந்தாறு வாக்கியம் போதும். அதை இணைத்து ஆசிரியருக்கு எழுதுங்கள், வாசகர் குறைகளைக் கவனிக்கத் தனி ஆசிரியர் இருந்தால் அவருக்கும். கட்டுரையில் பெயர் உள்ளவருக்கு ஒரு பிரதி. அவர் செய்த வேலையா, ஆசிரியர் குழுவில் யாராவது சேர்த்ததா என்பது உங்களுக்குத் தெரியாது, ஆகவே யாரையும் திருடன் என்று எழுதாதீர்கள். கடிதத்தில் என்ன வேண்டும் என்று ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: பெயரும் சுட்டியும், அல்லது ஊதியம், அல்லது நீக்கம். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் எதுவும் கிடைக்காது. இணையப் பக்கத்துக்கு மூன்று வேலை நாள், அச்சுக்கு அடுத்த இதழ் என்று கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால், அந்தத் தளத்தைத் தாங்கும் சேவை நிறுவனத்துக்கு முறையான நீக்கக் கோரிக்கையும் தேவைப்பட்டால் வழக்கறிஞரும். பொதுவில் எழுதுவது அதற்குப் பிறகு.

2010 நவம்பரில் நடந்த குக்ஸ் சோர்ஸ் விவகாரம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அந்தச் சிறிய அமெரிக்க இதழ், ஒருவர் இணையத்தில் எழுதிய ஆப்பிள் பண்டம் பற்றிய கட்டுரையைக் கேட்காமல் அச்சிட்டது. அவர் கேட்டது மன்னிப்பும், கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளிக்கு 130 டாலர் நன்கொடையும்தான். இணையத்தில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து என்றும், திருத்திப் போட்டதற்கு எழுதியவர் நன்றி சொல்ல வேண்டும் என்றும் அங்கிருந்து பதில் வந்தது. அவர் அந்தப் பதிலை வெளியிட்டார். வாசகர்கள் அந்த இதழைப் புரட்டி, வேறு எங்கிருந்தெல்லாம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று பட்டியலே போட்டுவிட்டார்கள். இதழ் மூடப்பட்டது. அவர் முதலில் கேட்டது சிறியதாகவும் நியாயமாகவும் இருந்ததால்தான் அத்தனை பேர் அவர் பக்கம் நின்றார்கள். அதோடு, அந்தப் பட்டியல் எழுதிய வாசகர்கள் செய்தது வேலை. வசைபாடியவர்கள் செய்ததில் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

ஊடகம் பிழையாக எழுதியதைச் சுட்ட

திருத்தம் கேட்கும் கடிதத்தில் நான்கே உறுப்புகள்: அவர்கள் எழுதிய வாக்கியம், அதில் பிழை எது, ஆதாரம் எங்கே, திருத்தினால் எப்படி இருக்க வேண்டும். கடைசியைப் பலர் விட்டுவிடுவார்கள். அதை எழுதிக் கொடுத்தால் உதவி ஆசிரியர் அப்படியே எடுத்துப் போட முடியும். கருத்து வேறுபாட்டைப் பிழை என்று அனுப்பாதீர்கள்.

உங்கள் பதிவில் அதைப் பற்றி எழுதினால் சொல்லைத் தேர்ந்து எழுதுங்கள். ‘பிழை’ என்பது நீங்கள் காட்டக்கூடியது. ‘பொய்’ என்று எழுதினால், தெரிந்தே செய்தார்கள் என்று சொல்கிறீர்கள், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அவதூறு வழக்குகள் இந்த ஒரு சொல் இடைவெளியில்தான் முளைக்கின்றன. வெளியிடும் முன் ஒரு நாள் அவகாசம் கொடுத்து அவர்களுடைய விளக்கத்தைக் கேளுங்கள், வந்தால் முழுதாகப் போடுங்கள். விமர்சிக்கும் கட்டுரைக்குச் சுட்டி கொடுங்கள், படிப்பவர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளட்டும். அவர்கள் திருத்திவிட்டால் உங்கள் பதிவின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அடியில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

பதிவர்கள் கூட்டாகச் செய்யும்போது

நூறு பேர் ஒரே நிருபருக்கு நூறு மின்னஞ்சல் அனுப்பினால் அவர் வடிகட்டியைப் போட்டுவிடுவார். ஆதாரத்தோடு ஒரு கடிதம், கீழே பெயர்கள் என்று அனுப்பினால் படிப்பார்.

கூட்டத்தின் உண்மையான பலம் வேலையைப் பங்கிடுவதில் இருக்கிறது. 2007 மார்ச்சில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில், நீதித் துறை சுமார் 3,000 பக்க ஆவணங்களை ஒரே நேரத்தில் கொட்டியது. டாக்கிங் பாயிண்ட்ஸ் மெமோ என்ற பதிவுத் தளம் அவற்றைப் பங்கிட்டுப் படித்துச் சொல்லும்படி தன் வாசகர்களையே கேட்டது. அந்தத் தொடர் பணிக்காக ஜார்ஜ் போல்க் இதழியல் விருதும் கிடைத்தது. நீங்கள் செய்யும்போது மூன்று விதிகள் வையுங்கள்: ஒவ்வொருவருக்கும் பக்க எண் வரம்பு, கண்டுபிடித்தது எதுவானாலும் பக்க எண்ணோடு, வெளியிடும் முன் வேறொருவர் அதே பக்கத்தைப் படித்து ஒப்புதல். பக்க எண் இல்லாத கண்டுபிடிப்பை யார் சொன்னாலும் சேர்க்காதீர்கள்.

‘பதிவர்கள் சொல்கிறார்கள்’ என்று உங்கள் ஒருவர் கருத்தை எல்லோர் தலையிலும் கட்டும் தலைப்புகள் வரும். பேசும்போதே “இது என் கருத்து, எல்லாப் பதிவர்களுக்காகவும் பேசவில்லை” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். சக பதிவர் ஒருவருடைய பதிவைப் படித்துத்தான் உங்களுக்கு விஷயம் தெரிய வந்தது என்றால், அவர் பெயரை நிருபரிடம் நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஊடகத்திடம் நாம் எதிர்பார்க்கும் அந்தக் கிரெடிட்டை நமக்குள் கொடுக்காமல் விட்டால் கேட்கும் உரிமை இல்லை.

இதழுக்கே எழுத அழைத்தால்

முழுக் கட்டுரையை எழுதி அனுப்பாதீர்கள். என்ன சொல்லப் போகிறீர்கள், ஏன் இப்போது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று 150 சொல்லுக்குள் எழுதி ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு அனுப்புங்கள். ஒப்புக்கொண்டால் எத்தனை சொல், எந்த நாள், எவ்வளவு ஊதியம், எப்போது வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டுரை வெளியாகி 30 நாள் கழித்து உங்கள் பதிவில் மீள்பதிவு செய்யும் உரிமையையும் அப்போதே கேளுங்கள், பலர் தயங்காமல் கொடுப்பார்கள். ‘எல்லா வடிவங்களிலும், எல்லா நாடுகளிலும், என்றென்றும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த உரிமை உங்களிடம் இல்லாமல் போகலாம்.

தலைப்பு உங்கள் கையில் இல்லை, அதை உதவி ஆசிரியர் வைப்பார். இடம் போதாவிட்டால் பெரும்பாலும் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள், அதனால் பதிவில் கடைசிக்கு வைத்திருக்கும் முக்கியமான தகவலை இங்கே மேலே கொண்டுவாருங்கள். நீங்கள் எந்த நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறீர்களோ அதனிடம் பணமோ பொருளோ பெற்றிருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிய வந்தால் இதழின் கதவும் மூடும், உங்கள் வாசகரின் கதவும் மூடும்.

வெளியான அன்றே பக்கத்தைச் சேமியுங்கள். பெயர், படத்தின் கீழ் வரி, சுட்டி மூன்றையும் சரிபாருங்கள். சுட்டியைச் சொடுக்கிப் பாருங்கள், உங்கள் பதிவுக்குப் போக வேண்டியது முகப்புக்குப் போகும்படி இருப்பது வழக்கம். பிழை இருந்தால் அன்று மாலைக்குள் எழுதினால் இணையப் பக்கத்தில் திருத்திவிடுவார்கள், ஒரு வாரம் கழித்து எழுதினால் அந்தப் பக்கத்தைத் திறப்பவர் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.